பந்திங் வட்டாரமும் நம் முன்னோரும்



இங்கிலாந்தின் சிற்றூர்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏர் பிடித்த உழவனின் பெயரையும் தேடி எடுக்க முடிகிறது. எப்படி? ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிந்துவர வேண்டும் என 1538-இல் அங்கே அரசாணை பிறந்தது. நம் பந்திங் வட்டாரத்துக்கு அப்படி ஓர் ஏடு உண்டா?

சாலைகள் வருமுன் லங்காட் ஆறே இவ்வட்டாரத்தின் சாலை. அதனால்தான் 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட், லங்காட்டிலும் பின்னர் ஜுக்ராவிலும் வாழ்ந்தார். ஜுக்ரா குன்றில் அவருடைய சமாதி இருக்கிறது. அவருக்குப் பின் வந்த சுல்தான் சுலைமான் 1905-இல் கட்டிய அரண்மனையும் அருகில் நிற்கிறது. அரசர்களின் வரலாற்றுக்குக் கல்லே சாட்சி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. மா மெரி பழங்குடியினர் வாழ்ந்த தீவு ஒன்று, கேரி என்ற துரையின் பெயரால் கேரித் தீவு ஆயிற்று. துரையின் பெயர் நிலைத்தது. காடு வெட்டி, கன்று நட்டு, மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிகளின் பெயர்கள் எங்கே? செக்ரோலில் கூலிக்காக எழுதப்பட்டதோடு சரி.

அவர்கள் வாய்மூடி வாழ்ந்தவர்களும் அல்லர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். வயிற்றுக்காக மட்டுமன்றி மானத்துக்காகவும் எழுந்த போராட்டம் அது. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

பின்னாளில் ரப்பர் நின்ற இடங்களைச் செம்பனை பிடித்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன. லயம் போனால் அதன் கதையும் போய்விடும்.

ஆகவே நாம் செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்போம்: நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது? முதலில் இறங்கிய தோட்டம் எது? அங்கே கங்காணி யார்? கோயிலை எழுப்பியவர்கள் யார் யார்? கிடைக்கும் பதிலைப் பிள்ளைகள் ஒரு பள்ளி நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டே நம் ஊரின் ஏடு.