பரந்தன் ஆலையும் இருவகைப் பொறுப்பும்

வன்னிநாடு என்றதும் குளமும் நெல்வயலும் நினைவிற்கு வருதல் இயல்பே. குளத்திலே நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கக் கூடுவோரும், நீர் வாராவிடிற் பயிர் வாடக் காண்போரும் பெரும்பாலும் ஒருவரே. (குத்தகைக்காரரும் கூலியாளரும் அங்கும் புறத்தே நின்றதுண்டு.) ஆலைகளின் நிலை வேறு. அங்கே நடத்துவோர் ஒருபால். விளைவை ஏற்போர் மற்றொருபால். ஆதலாற் பொறுப்பும் இரண்டாகின்றது. நடத்துவோர் உடைமையாளர்க்குக் கணக்குக் காட்டும் ஒழுங்கு கூட்டாண்மை ஆளுகை. நிறுவனத்திற் பங்கோ வாக்கோ இல்லாத அயலார்க்கு அது செய்யக் கடவது கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு. இவற்றை ஒன்றெனக் கருதுவார் பலர்.

1950களிற் கிளிநொச்சிப் பகுதியில் எழுந்த பரந்தன் இரசாயன ஆலையை இங்கு நோக்குவோம். அணித்தேயிருந்த ஆனையிறவு உப்பளமே அதற்கு மூலப்பொருள் தந்தது. உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்த எரிசோடாவும் குளோரினும் பிரியும். முன்னது சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும், பின்னது குடிநீர்த் தூய்மைக்கும் உதவும். 1957 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்குப் பணிப்பாளர் சபையை வகுத்தது. 1971 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்க நிதிச் சட்டம் அரச கூட்டுத்தாபனங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆய்வுக்கு உட்படுத்திற்று. ஆளுகைக்கு வேண்டிய உறுப்புக்கள் ஏட்டிலேனும் அமைந்திருந்தன.

1985 இற் போர்ச்சூழலால் ஆலை நின்றது. 1991 இற் கூட்டுத்தாபனம் கம்பனியாக மாறிற்று. குளோரினை இறக்குமதி செய்து விற்கலாயிற்று. பணிப்பாளர் சபை கூடலாம், கணக்கு முடிக்கப்படலாம், பெயரிலும் பரந்தன் நிலைக்கலாம். ஆயின், ஆலையை நம்பி அதன் வாயிலிற் கடை வைத்தவன் அக்கணக்கின் எந்தப் பக்கத்தில் இடம்பெறுவான்? ஆளுகைக்கு அவன் அந்நியன். சமூகப் பொறுப்பு அவனிடத்திலிருந்தே தொடங்குகின்றது. போரை நிறுவனம் வருவிக்கவில்லை. ஆதலால் மூடியதைக் குற்றமென்று யாம் கூறோம். மூடியபின் அவ்வூருக்கு அது கடமைப்பட்டது யாது என்பதே வினா.

நிற்க. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க இலங்கைக் கம்பனிகள் சட்டம், பணிப்பாளர் கம்பனியின் நலன் கருதி நன்னம்பிக்கையுடன் ஒழுகவேண்டும் என்கின்றது. ஊரின் நலனுக்கென நிதி ஒதுக்குமாறு பணிக்கவில்லை. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுச் சட்டமோ, 135 ஆம் பிரிவிற் பெருங்கம்பனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிகளிற் செலவிடப் பணிக்கின்றது. அவ்வேற்பாடு பரந்தனில் இருந்திருப்பினும், நின்றுபோன ஆலைக்கு இலாபமேது? அக்கடைக்காரனுக்கு அதனால் ஒரு சதமும் கிட்டியிராது.