கையெழுத்துக்கு இடமில்லாத புத்தகம்

பாகூரில் ஒரு வீட்டுப் பரணை ஒழித்தபோது கைக்கு வந்த பழைய மாத நாவல் இது. எழுதியவர் ராஜேஷ்குமார். அட்டை எப்போதோ கழன்றுவிட்டது. பின் துருப்பிடித்து நடுத்தாளில் பழுப்பு ஏறியிருக்கிறது.

மாத நாவல்கள் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1980-களில் ஜி. அசோகன் போன்ற பதிப்பாளர்கள் மலிவுத் தாளில் முழு நாவல்களை அச்சடித்து, பெட்டிக்கடை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் தொங்கவிட்டார்கள். புத்தகக் கடைப் படியே ஏறாதவர்களும் வாங்கினார்கள். புதுச்சேரியில் பஸ் ஏறினால் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் முதல் கொலை விழும். கன்னியக்கோயிலில் பாகூருக்குத் திரும்பும்போது துப்பறியும் விவேக் யாரையாவது சந்தேகப்படத் தொடங்கியிருப்பார். மிச்சத்தை ராத்திரி முடித்துவிட்டால், விடிந்ததும் புத்தகம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

இந்தப் பிரதி வெகுதூரம் அலைந்திருக்கிறது. ஓரங்களில் பல பேர் எழுதிய பெயர்கள். ஒன்றின் கீழே வில்லியனூர் என்று ஊர்ப்பெயர், இன்னொன்றின் கீழே ‘படித்ததும் திருப்பித் தரவும்’. யார் யாரிடமிருந்து திருப்பி வாங்கினார்களோ! பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் என்று சுற்றி மறுபடி பாகூருக்கே வந்திருக்க வேண்டும். பரணில் கிடந்ததால் பிழைத்தது. கூடப் பிறந்தவை பெரும்பாலும் பழைய பேப்பரோடு எடைக்குப் போயின; தப்பியவற்றில் சில காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும்.

இந்தப் பிரதியில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க எனக்கு ஆசை. நியூயார்க்கில் ஓட்டோ பென்ஸ்லர் 1979-இல் திறந்த ‘மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்’ துப்பறியும் கதைகளுக்கென்றே நடக்கிறது. ஆசிரியர் கையெழுத்திட்ட முதல் பதிப்புகள் அங்கே தனிச் சரக்கு. அந்த உலகத்துச் சேகரிப்பாளர் பலருக்கு வெறும் கையெழுத்துதான் வேண்டும். ‘இன்னாருக்கு’ என்று பெயர் சேர்ந்தால் பெரும்பாலும் விலை இறங்கிவிடும். நம்மூர் வாசகருக்குத் தன் பெயர் இல்லாத கையெழுத்து எதற்கு? ‘அன்புடன்’ என்று தன் பெயருக்கு எழுதி வாங்கினால்தான் திருப்தி. விலை பற்றி யோசிப்பதே இல்லை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கையெழுத்து வேட்டையிலும் சில சிக்கல்கள் உண்டு. துப்பறியும் கதை எழுதிய தமிழ்வாணன் 1977-இலும் சுஜாதா 2008-இலும் மறைந்துவிட்டார்கள். அதற்குள் வாங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தமிழ்வாணனுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே கையெழுத்து மாதிரி. சுபா என்ற பெயரில் எழுதுவது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர். ஒருவரை மட்டும் பிடித்தால் பாதி சுபாதான் கிடைப்பார்.

ராஜேஷ்குமார் கோவைக்காரர், ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர். அவரிடம் இதை நீட்டுவதென்றால் எந்தப் பக்கத்தை நீட்டுவது? கெட்டி அட்டைப் புத்தகத்தில் இதற்கென்றே வெற்றுத்தாள் இருக்கும். இதில் ஒரு தாளைக்கூட வீணாக்கவில்லை. விளம்பரம் முடிந்த இடத்தில் கதை தொடங்கிவிடுகிறது. மைப்பேனா பட்டால் இந்தத் தாளில் ஊறிப் பரவும், பால்பாயிண்ட் பேனாதான் சரி. கொஞ்சம் இடம் இருப்பது முதல் பக்கத்து மேல் ஓரத்தில் மட்டும். அங்கேயும் முன்னால் படித்த புண்ணியவான் ஒருவர் ‘கொலைகாரன் டிரைவர்தான்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். நீட்டும்போது அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வதாக உத்தேசம்.