இப்போது உள்ளே எத்தனை பேர்?

நந்திதுர்க் என்றதும் பாதிப் பேருக்கு பெங்களூர் பக்கத்து நந்தி மலைதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அதுவல்ல. கோலார் தங்க வயலில் அந்தப் பெயரில் ஒரு சுரங்கம் இருந்தது. சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், உரிகம், நந்திதுர்க்... எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த நாலும்தான் நாலு திசை. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிழைக்க வந்த ஊர். நாமெல்லாம் துபாய், லண்டன், நியூ ஜெர்சி என்று பெட்டி கட்டுவதற்கு மூன்று நாலு தலைமுறை முன்பே நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன ஊர்.

தங்கத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். சினிமாவும் வந்துவிட்டது. இந்தப் பதிவு தங்கத்தைப் பற்றியது அல்ல. ஆட்களை எண்ணுவதைப் பற்றியது. குறிப்பாக, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணுவதைப் பற்றி. அதற்கு எதற்கு சுரங்கம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

சுரங்கத்தில் ஆளை எண்ணுவது இரண்டு விதம். ஒன்று, ஆளைக் கட்டுப்படுத்த. 1930ல் தொழிலாளர்களின் கைரேகையை வாங்கிப் பதிவு செய்யும் முறை வந்தபோது, தங்க வயலே வேலையை நிறுத்தியது. பெயர் எழுதுவது நம் நன்மைக்கா, நம்மைப் பிடித்து வைக்கவா என்று படிப்பு வாசனை இல்லாத அந்த மனிதர்கள் சரியாகவே கேட்டார்கள்.

இன்னொன்று, ஆளைக் காப்பாற்ற. 1952ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் 48ம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்த சட்டப் பிரிவு (எனக்கு இப்படியும் ஒரு பிடித்தம்!). தரைக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்றது அது. எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் அந்த நேரத்தில் கீழே இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் அதில் தெரிய வேண்டும் என்றது. காலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதல்ல கேள்வி. இப்போது, இந்த நிமிஷம், உள்ளே யார் யார்?

இதன் அருமை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஏர் பிளாஸ்ட் என்று ஊரில் சொல்வார்கள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவது. அந்த அதிர்ச்சி மேலே லைன் வீடுகள் வரைக்கும் தெரியும். சாமான் ஆடியதும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஷிப்டுல யாரு கீழ இருக்காங்க?"

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்திலும் எண்ணுகிறோம். காலையில் ஆஜர் எடுக்கிறோம். மதிய உணவுக்குத் தலை எண்ணுகிறோம். பல வருடங்கள், செப்டம்பர் 30 என்ற ஒரு தேதியை வைத்து நாடு முழுக்க மாணவர் எண்ணிக்கையை அரசு திரட்டியது. 2022-23லிருந்து பிள்ளை பிள்ளையாகப் பதிகிறார்கள். ஆசிரியர் பணியிடம், மானியம், அரிசி, எல்லாம் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். எண் குறைந்தால் பள்ளியே மூடப்படலாம். ஆகவே எல்லோரும் எண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஆனால் இவை எல்லாம் கணக்குக்காக எண்ணுவது. 48ம் பிரிவு கேட்ட கேள்வியை இவற்றில் எதுவும் கேட்பதில்லை.

அதைக் கேட்காததன் விலை என்ன என்று 2004 ஜூலை 16ம் தேதி கும்பகோணத்தில் பார்த்தோம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெளியே வரக் குறுகலான வழி. 94 குழந்தைகள். அந்த வாரம் வெளிநாட்டில் இருந்த எந்தத் தமிழ் வீட்டிலும் டிவியை அணைக்க மனம் வந்திருக்காது. அந்தப் பள்ளியில் சேர்க்கைக்குக் குறைவில்லை. பெயர்கள் ஏட்டில் இருந்தன. பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தான் ஏற்பாடு இல்லை.

அதற்குப் பிறகு போடப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு என்று பெயர். கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் சேர்த்துத்தான் என்றது. தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றது. அதே வருஷம் வந்த கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நல்ல குடிநீர், தனித்தனிக் கழிப்பறை என்று பட்டியல் போட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. சிகாகோவில் 1958 டிசம்பர் 1ம் தேதி ஒரு பள்ளித் தீயில் 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளின் தீ விதிகள் கடுமையானதற்கு அது ஒரு பெரிய காரணம். உங்கள் பிள்ளை "இன்னிக்கு ஃபயர் டிரில் இருந்துச்சு" என்று அலுத்துக்கொண்டு வருகிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்குப் போவார்கள். ஆசிரியர் கையில் வகுப்புப் பட்டியல் இருக்கும். வெளியே நின்று மறுபடி ஆஜர் எடுப்பார். அதுதான் 48ம் பிரிவு! சுரங்கத்தில் எழுதிய பாடம்தான் பள்ளி மைதானத்தில் நடக்கிறது.

சுரங்க ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்று ஒரு நிலக்கரி ஊர். 1966 அக்டோபர் 21ம் தேதி காலை, சுரங்கக் கழிவு மலை சரிந்து தொடக்கப்பள்ளி மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். மேடு ஆபத்து என்று முன்பே எச்சரிக்கைக் கடிதங்கள் போயிருந்தன. யாரும் கேட்கவில்லை. 1969ல்தான் கழிவு மேடுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது.

தங்க வயலின் சயனைடு மேடுகளை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. அது வேறு மண், வேறு ஆபத்து. இங்கே பிரச்சினை காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் வந்து உட்காரும் தூசு. மூடிக்கிடக்கும் பழைய சுரங்க வாய்கள். ஆனால் அபர்ஃபான் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். சுரங்க ஊரில் பள்ளியின் பாதுகாப்பு பள்ளியின் சுவரோடு முடிவதில்லை.

2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அப்புறம் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்பும் வாழ்க்கை. முடிந்தவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் சின்னப் பள்ளிகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் மீட்டிங் போனால் அஞ்சு வகுப்பையும், சமையலையும், வாசலையும் மிச்சமிருக்கும் ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் சின்னப் பள்ளிக்கு ஒரு பலமும் உண்டு. 40 பிள்ளைகளை எண்ண ஒரு நிமிஷம் போதும். ஆசிரியருக்கு ஒவ்வொருவரின் பெயரும், எந்த வீடு என்பதும் தெரியும். பெரிய பள்ளிகள் காசு கொட்டி வாங்கும் பாதுகாப்பில் பாதி இங்கே சும்மாவே கிடைக்கும், நினைத்தால்.

வெளிநாட்டிலிருந்து நாம் படித்த பள்ளிக்குக் காசு அனுப்பும்போது கம்ப்யூட்டர், நோட்டுப் புத்தகம், ஆண்டு விழா மேடை என்றுதான் பெரும்பாலும் அனுப்புகிறோம். நல்லதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கூடவே நாலு கேள்வியும் கேளுங்கள். ஆஜர் பட்டியல் பீரோவுக்குள் இருக்கிறதா, ஓடும்போது எடுக்கிற மாதிரி வாசல் பக்கம் தொங்குகிறதா? வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா, அது பூட்டாமல் இருக்கிறதா? அடுப்பு வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம்? இந்த வருஷம் ஒரு தடவையாவது மணி அடித்து எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி எண்ணிப் பார்த்தார்களா? இதில் கடைசிக்கு ஒரு பைசா செலவில்லை.

நம் பாட்டன்கள் கீழே இறங்கும்போது மேலே ஒருவர் பெயர் எழுதிக்கொண்டார். ஆள் திரும்பி வந்தாரா என்று பார்க்க அந்த ஏடு வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து ஏடும் அதே வேலையைச் செய்யட்டுமே.

உங்கள் ஊர்ப் பள்ளியில் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.