வரத்துக்கால் அடைச்சா ஊரணி நிரம்பாது: மூச்சுக்குழாயைத் திறந்த கதை

1/ நேமத்தான்பட்டியில இருந்து ஒரு ஐயா வந்திருந்தார். நாற்பது வருச பீடி. "படுத்தா மூச்சு முட்டுது தம்பி. மூணு ராத்திரியா நாற்காலியில உக்காந்துதான் தூங்குறேன்" என்றார். ஆஸ்துமா என்று நினைத்துப் பல மாதங்களாக இன்ஹேலர் இழுத்திருக்கிறார்.

2/ ஸ்டெத் வைத்தால் வலது பக்கம் மட்டும் விசில் சத்தம். ஆஸ்துமா என்றால் பொதுவாக இரண்டு பக்கமும் கேட்கும். சிடி ஸ்கேனில் வலது பிரதான மூச்சுக்குழாயை அடைத்தபடி ஒரு கட்டி. நுரையீரல் புற்றுநோய்.

3/ நம்ம ஊர் ஊரணியை நினைச்சுக்கோங்க. எவ்வளவு மழை பெய்தாலும் வரத்துக்கால் அடைபட்டால் ஊரணி நிரம்பாது. நுரையீரலும் அப்படித்தான். அடைப்புக்கு அந்தப்பக்கம் காற்று போகாமல் சுருங்கிவிடும், சளி தேங்கிச் சீழ் பிடிக்கும்.

4/ அந்த அடைப்பை உள்ளே போய் எடுக்க முடியுமா? இந்தக் கதை 1897இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் தொடங்குகிறது. 63 வயது விவசாயி ஒருவரின் மூச்சுக்குழாயில் பன்றி எலும்பு சிக்கிவிட்டது. குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர் கோகெய்ன் தடவி மரத்துப்போக வைத்து, வாய் வழியாக நேரான உலோகக் குழாயை விட்டு எலும்பை எடுத்தார். பிராங்கோஸ்கோபி பிறந்தது.

5/ ஆனால் நேரான குழாய் சிறு கிளைகளுக்குள் வளையாது. இங்கே நம்ம நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954இல் லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கட்டு வளைந்தாலும் அதன் வழியே படம் கடத்தலாம் என்று காட்டினார்.

6/ அந்த இழைகளை வைத்து 1960களில் ஜப்பானின் ஷிகெடோ இகெடா வளையும் பிராங்கோஸ்கோப்பை உருவாக்கினார். 1980களில் பிரான்சின் மார்செய் நகரத்து துமோன் போன்றவர்கள் லேசரால் கட்டியை எரித்து வழி திறந்தார்கள். குழாய் மறுபடி மூடாமல் இருக்க துமோன் செய்த சிலிக்கான் ஸ்டென்ட் 1990இல் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது.

7/ இதில் ஒரு வேடிக்கை. பெரிய கட்டியை அகற்றவும் சிலிக்கான் ஸ்டென்ட் வைக்கவும் இன்றைக்கும் மயக்க மருந்து கொடுத்து கில்லியன் காலத்து நேர்க்குழாயைத்தான் எடுக்கிறார்கள். ஏன்னா அதன் வழியாகவே மூச்சும் கொடுக்கலாம், ரத்தம் கசிந்தால் உடனே உறிஞ்சியும் எடுக்கலாம்.

8/ கொஞ்சம் திறந்தாலே ஏன் அவ்வளவு நிம்மதி? குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு வரும் தடை 16 மடங்கு கூடும். திருப்பிப் பாருங்க, சற்று அகலமானாலே மூச்சு எவ்வளவு இலகுவாகும் என்று புரியும்.

9/ உண்மையையும் சொல்லணும். இது புற்றுநோயைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை. கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் தாங்கும் அளவு உடம்பைத் தேற்ற, இருக்கும் நாளை மூச்சுத் திணறாமல் வாழ வைக்க உதவுவது. ஐயாவின் குடும்பத்திடம் இதை மறைக்காமல் சொல்லித்தான் மதுரைக்கு அனுப்பினோம்.

10/ இரண்டு வாரம் கழித்து வந்தார். "படுத்துத் தூங்குனேன் தம்பி" என்றார். அதுக்கு மேல ஒண்ணும் பேசல. கீமோ தொடங்கியிருக்கிறது.

11/ இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியில் ரத்தமா? இன்ஹேலருக்கு அடங்காத வீசிங்கா? உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். பீடியை இன்னைக்கே விடுங்க. வரத்துக்காலைத் தூர்வார எங்களால முடியும். அடைய விடாம பாத்துக்கிறது உங்க கையிலயும் இருக்கு.