மார்செய்த் துறைமுகமும் சோதனை நிழற்படமும்

பயணிகள் எடுக்கும் நிழற்படங்கள் வரலாற்றுச் சான்றாகும் என்பதை யாவரும் ஏற்பர். ஆயின், கண்டதைக் கண்டவாறு பதிவு செய்யும் நோக்கமின்றி, கமராவைக் கொண்டு பரிசோதனை நிகழ்த்திய கலைஞரின் படங்களும் அத்தகைய சான்றாகுமா என்பது ஆராயத்தக்கது. 1920களின் பிற்பகுதியில் பிரான்சின் தென்கரைத் துறைமுகமான மார்செய்க்குச் சென்ற கலைஞரின் ஆக்கங்கள் இவ்வினாவுக்கு விடைகாண உதவுகின்றன.

முதலாம் உலகப் போரின் பின்னர், சிறப்பாக ஜேர்மனியில், நிழற்படக்கலை ஓவியத்தைப் பின்பற்றுவதை விடுத்துத் தனிவழி தேடலாயிற்று. அதன் முன்னோடிகளுள் ஒருவர் லாஸ்லோ மொகொலி-நாகி (1895-1946). ஹங்கேரியிற் பிறந்த இவர் 1923 முதல் 1928 வரை ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் ஆசிரியராயிருந்தார். மனிதக் கண் பழக்கத்துக்கு அடிமைப்பட்டது. கமராவோ அப்பழக்கத்தினின்றும் பார்வையை விடுவிக்க வல்லது என்பது அவர்தம் கொள்கை. உச்சியினின்று செங்குத்தாகக் கீழ்நோக்கல், அடியினின்று அண்ணாந்து நோக்கல், ஒளியும் இருளும் இடம்மாறிய எதிர்ப்படத்தையே ஆக்கமாகக் காட்டல் முதலியன அவர் கையாண்ட உத்திகள். சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் 'லைக்கா' என்னும் சிறு கமரா 1925இல் விற்பனைக்கு வந்தமை, பயணத்திடையே இத்தகைய முயற்சிகளைப் பலருக்கும் எளிதாக்கிற்று.

மார்செயில் இக்கலைஞரை ஈர்த்தது 1905இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலமாகும். அது வழமையான பாலமன்று. கப்பல்கள் தடையின்றிச் செல்லுமாறு ஏறத்தாழ 50 மீற்றர் உயரத்தில் அமைந்த சட்டத்திலிருந்து வடங்களால் தொங்கிய மேடையொன்று, மக்களையும் வண்டிகளையும் கரைக்குக் கரை சுமந்து சென்றது. ஜேர்மைன் குருல், ஹேர்பேட் பாயர் முதலியோரும் அதனைப் படம்பிடித்துள்ளனர். 1929இல் மொகொலி-நாகி அதன்மேல் நின்று எடுத்த படங்களில், இரும்புப் பின்னல்களினூடே தோன்றும் படகும் கரையும் கோடுகளும் வடிவங்களுமாகவே எஞ்சுகின்றன. பழகிய உலகம் புதிதாகிறது. ஆயின் மனிதன் புள்ளியாகிறான். இவ்வுத்தியின் பெருமையும் குறையும் இதுவே.

இக்குறையை அவர் உணர்ந்தார் போலும். அதே ஆண்டில் அவர் எடுத்த சிறு திரைப்படம் பாலத்தோடு நில்லாது, பழைய துறைமுகத்தின் ஒடுங்கிய தெருக்களையும் அங்கு வாழ்ந்த வறியோரையும் காட்டுகின்றது.

பின்னர் நிகழ்ந்தவை இப்படங்களின் பொருளையே மாற்றின. 1943 சனவரியில் ஜேர்மன் படையினரும் பிரெஞ்சுப் பொலிசாரும் அப்பகுதியைச் சுற்றிவளைத்து ஏறத்தாழ 20,000 மக்களை வெளியேற்றினர். யூதர் பலர் கைதாகி மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த மாதம் வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1944 ஆகத்தில் பின்வாங்கிய படையினர் பாலத்தையும் சிதைத்தனர். எஞ்சிய பகுதி 1945இல் அகற்றப்பட்டது.

ஆகவே, பதிவாக இருக்க மறுத்த படங்களே இன்று பதிவாகி நிற்கின்றன. பாலத்தின் அளவை அறியப் பொறியியலாளரின் வரைபடங்கள் போதும். அதன்மேல் நின்றவனுக்கு உலகம் எவ்வாறு தோன்றிற்று என்பதை இச்சோதனைப் படங்களே கூறும். ஆயினும், ஆக்கியோன் கருதாத சான்றைத் தேடும் வரலாற்று மாணவன், படத்தில் உள்ளதை மாத்திரமன்றி, கமரா எங்கு நின்றது, அவ்விடத்திலிருந்து யார் புலப்படாது போயினர் என்பதையும் வினவுதல் வேண்டும். மேலிருந்து நோக்கிய படத்தில் அழகைக் காண்கிறோம்; அழிந்தது எது என்பதைத் தெருவில் இறங்கிய படமே உணர்த்துகின்றது.