ராஜம்மா, ரோசி, ராஜம்மாள்: மேடைப் பெயரும் சாதியும்



கலைஞர்கள் ஏன் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள்? கூப்பிட வாகாக இருக்கும், சுவரொட்டியில் எடுப்பாக இருக்கும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் பதில். யூசுப் கான் 1944இல் ‘ஜ்வார் பாட்டா’ படத்தில் திலீப் குமாராக அறிமுகமானதையும், மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனதையும் இப்படியே விளக்கிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டதுமே மதமும் சாதியும் ஊரும் தெரிந்துவிடுகிற நாட்டில் இந்தப் பதில் நமக்குப் போதாது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகள் மதுரையையும் தாய் சண்முகவடிவையும் குறிப்பவை. தந்தை பெயர் வரும் இடத்தில் தாய் பெயர் நிற்பதிலேயே ஒரு சமூகத்தின் வரலாறு இருக்கிறது.

இந்தக் கேள்வியை நாம் பி.கே. ரோசியின் வாழ்க்கையை வைத்துப் பார்க்க வேண்டும். மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தின் நாயகி அவர். திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் ராஜம்மா. புல்லறுத்துப் பிழைத்தவர், தமிழும் மலையாளமும் கலந்து நடிக்கப்படும் காக்காரிசி நாடகத்தில் தேர்ந்தவர். படத்தை எடுத்தவர் ஜே.சி. டேனியல்; அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த நாடார் கிறித்தவர். ரோசி என்ற பெயரை டேனியல் வைத்தார் என்பது ஒரு வழக்கு. குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியபோது கிடைத்த ரோசம்மா என்ற பெயரின் சுருக்கம் என்பது இன்னொரு வழக்கு. எப்படி வந்திருந்தாலும், திரைக்கு வந்த பெயர் புலையர் குடியிருப்பில் கூப்பிட்ட பெயர் அல்ல.

அந்தப் படத்தில் ரோசி ஏற்றது சரோஜினி என்ற நாயர் பெண்ணின் வேடம். திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். படம் திரையிடப்பட்டது அதற்கும் முன்பு. 1928 என்றும் 1930 என்றும் ஆண்டு சொல்லப்படுகிறது. பொதுச்சாலையில் நடக்கவும் பள்ளியில் சேரவும் அய்யன்காளியின் தலைமையில் புலையர்கள் போராடிய காலத்துக்கு மிக அருகில் இருந்த ஆண்டுகள் அவை. திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் முதல் காட்சி நடந்தபோது, தன் படத்தைப் பார்க்க ரோசிக்கே இடமில்லை. திரையில் அவரைக் கண்ட சாதி இந்துக்கள் கல்லெறிந்தார்கள், திரையைக் கிழித்தார்கள். அவருடைய குடிசையும் கொளுத்தப்பட்டது என்கிறார்கள்.

திலீப் குமாருக்கு உதவிய பெயர் மாற்றம் ரோசிக்கு ஏன் உதவவில்லை? படத்தின் பெயர்ப் பட்டியலில் மட்டுமே நடிகரை அறிகிற பார்வையாளர்களிடம் புதுப் பெயர் எடுபடும். ரோசியின் முதல் பார்வையாளர்கள் அவருடைய ஊர்க்காரர்கள். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், யாருடைய மகள், என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ரோசி என்றாலும் சரோஜினி என்றாலும் அவர்கள் பார்த்தது ஒரு புலையப் பெண்ணைத்தான். அவர் நாயர் பெண்ணாக நின்றதையும், நாயகன் அவர் சூடிய பூவை முத்தமிட்டதையும் அவர்களால் தாங்க முடியவில்லை.

ஊரைவிட்டு ஓடிய ரோசி ஒரு லாரியில் ஏறினார். அதன் ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். இந்த மூன்றாவது பெயரில்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பிறந்த பெயருக்கே ஏறக்குறையத் திரும்பினார். ஆனால் இப்போது அந்தப் பெயர் கணவரின் சாதிக்குள் நின்றது. சினிமாவைப் பற்றி அவர் பேசவே இல்லை. உயிருக்காகக் கலைஞர் என்ற அடையாளத்தை விட்டுக்கொடுத்தார். பிறப்பின் அடையாளத்தையும் அதோடு மறைக்க வேண்டியிருந்தது.

வரலாறு எழுதியவர்கள் இதனால் ஒருவரைத் தொலைத்தார்கள். அவர் நடித்த படச்சுருளும் இன்று இல்லை. கேரள அரசு 1992 முதல் தன் உயரிய திரைப்பட விருதை டேனியலின் பெயரில் வழங்குகிறது. ரோசியின் பெயரை மீட்டவர்கள் குன்னுகுழி மணி போன்ற எழுத்தாளர்களும் இயக்கங்களும்தான். 2019இல் மலையாளத் திரைப் பெண்கள் தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. ஒளிந்து வாழ வைத்த பெயர் இன்று அழைப்பிதழின் தலைப்பில் நிற்கிறது.

நம் மாணவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பறை, கூத்து, நாடகம், நாகசுரம், திரை என எந்தக் கலைஞரைப் பதிவு செய்தாலும் மேடைப் பெயரோடு நிறுத்த வேண்டாம். வீட்டில் என்ன பெயர், புதுப் பெயரை யார் வைத்தார்கள், எந்தக் கதவு அதனால் திறந்தது, எது திறக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள். கலைஞர் வெளியிட விரும்பாததை அவர் அனுமதியின்றி வெளியிடாதீர்கள்; மறைத்து வாழும் நிலைமை இன்னும் பலருக்கு மாறவில்லை. அந்த நிலைமையை மாற்றுவதும் பதிவு செய்வதும் சேர்ந்தே நடக்க வேண்டிய பணிகள் என்று நாம் கருதுகிறோம்.