மெய்க்கீர்த்தியின் குரலும் தூதின் குரலும்

அரியலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஊர்ப்பெயர்களே வெற்றி முழக்கமாக ஒலிக்கின்றன. ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் என இரண்டிலும் ‘கொண்ட’ என்ற சொல் நிமிர்ந்து நிற்கிறது. முதலாம் இராஜேந்திர சோழன் (கி.பி. 1014-1044) கங்கை வரை படையனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய இந்நகரம், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர் தலைநகராக விளங்கியது. மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரண்மனையின் செங்கல் அடித்தளங்களும், பெரிய கோயிலும், சோழகங்கம் எனப்பட்ட பொன்னேரியும் இன்று எஞ்சியிருக்கின்றன. கோயிலின் சிற்ப அழகு குறித்துப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்நகரிலிருந்து ஆண்டவர்கள் அயல்நாட்டு அரசர்களிடம் எந்தத் தொனியில் பேசினார்கள், அத்தொனி அவர்களுக்கு எதைத் தந்தது, எதைப் பறித்தது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

சோழ அரசனின் குரல் நமக்குப் பெரும்பாலும் மெய்க்கீர்த்தி வழியாகவே கேட்கிறது. முதலாம் இராஜராஜன் தொடங்கி வைத்த மரபு இது. கோயில் விளக்குக்கு நெய் வார்க்க ஆடுகள் கொடுத்த செய்தியாயினும், ஏரிக்கரையில் ஒரு வேலி நிலம் விற்ற செய்தியாயினும், கல்வெட்டின் தலைப்பில் மன்னனின் வெற்றிகள் வரிசையாக வரும். ஆண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தியும் நீளும். ஊர்தோறும் கோயில் சுவரில் உளியால் பொறிக்கப்பட்ட பின் அதனைத் திரும்பப் பெற வழியில்லை. குடிகளுக்குப் பெருமிதம் ஊட்டவே அமைந்த குரல் அது. ஆனால் கல்லில் நின்ற சொல் குடிகளுக்கு மட்டுமே உரியதாக நின்றுவிடவில்லை.

இதே சோழர் கடல் கடந்து பேசியபோது குரல் முற்றிலும் வேறாக இருந்தது. 1015-ல் இராஜராஜனின் தூதுக்குழு சீனத்துச் சோங் அரசவையை அடைந்தது. முத்துக்களும் யானைத் தந்தங்களும் நறுமணப் பொருள்களும் காணிக்கையாகச் சென்றன. வழியில் 1150 நாட்கள் கழிந்தன என்று தூதர்கள் கூறியதைச் சோங் வரலாற்று நூல் பதிந்து வைத்திருக்கிறது. அவர்கள் கொண்டு சென்ற கடிதத்தில் சோழ மன்னன் தன்னை மிக அற்பமான பூச்சிக்கு ஒப்பிட்டுப் பேரரசரின் பெருமையைப் போற்றுகிறான்! ஈழமும் சேரமும் வென்று, தஞ்சையில் வானளாவிய விமானம் எழுப்பிய அதே இராஜராஜன்தான். சீனத்து மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் அரசவை வழக்கத்துக்கேற்பப் பணிவைச் சற்றே கூட்டியும் இருக்கலாம். எனினும் அத்தகைய பணிவுக்கு இடங்கொடுத்துத்தான் தூது சென்றது என்பதில் ஐயமில்லை. இராஜேந்திரன் காலத்தில் 1033-லும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1077-லும் தூதுகள் தொடர்ந்தன. 1077-ல் சென்ற குழுவினர் 72 பேர். அவர்கள் ஆயிரக்கணக்கான செப்புக்காசுச் சரங்களைப் பரிசாகப் பெற்று மீண்டனர். வணிகம் வேண்டிய இடத்தில் வாளின் மொழி பயன்படாது என்பதைச் சோழ அரசு நன்றாகவே அறிந்திருந்தது.

பணிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1025-ல் இராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கி வென்றது. ஆனால் சீன அரசவையோ சோழநாடுதான் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு என்று எண்ணியிருந்தது! 1106-ல் பாகன் நாட்டுத் தூதர்களுக்கு எத்தகைய மரியாதை செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, சோழருக்குச் செய்தது போலச் செய்தால் போதாது, இது பெரிய நாடு என்று அங்கே முடிவாயிற்று. ஆக, தாழ்ந்த குரல் எப்போதும் வெல்லும் என்று சொல்வதற்கில்லை. சோழர் அங்கே இழந்தது சற்று மரியாதை. மேற்கே, துங்கபத்திரைக் கரையில் உயர்த்திய குரலுக்கு அவர்கள் கொடுத்த விலை வேறு.

கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கியரே சோழரின் நிலையான பகைவர். இராஜேந்திரனின் மகன் முதலாம் இராஜாதிராஜன் காலத்தில் சாளுக்கிய மன்னனாக இருந்தவன் முதலாம் சோமேசுவரன். ‘ஆகவமல்லன்’ என்பது அவன் விருது. போர்க்கள மல்லன் என்று பொருள். அவன் அனுப்பிய தூதுக்குழுவைச் சேர்ந்த இருவருக்கு நேர்ந்ததை இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தியே பெருமையுடன் கூறுகிறது. ஒருவன் தலையை மழித்து ஐங்குடுமி வைத்து, மற்றவனுக்குப் பெண்ணுடை உடுத்தி, ‘ஆகவமல்லன்’, ‘ஆகவமல்லி’ என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தூது என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது சென்ற மரபு நம்முடையது. அத்தகைய நாட்டில் தூதுவனை இழிவுபடுத்தியது புகழாகக் கல்லில் ஏறியது வியப்புக்குரியது.

பின்னர் கல்யாணி நகரும் தாக்கப்பட்டது. அங்கிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலையின் பீடத்தில் வெற்றிச் செய்தியைப் பொறித்தனர். தாராசுரத்தில் இருந்த அச்சிலையை இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் காணலாம். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் உள்ள, சூரியன் தேர் போல அமைந்த நவக்கிரகப் பீடமும் சாளுக்கிய நாட்டிலிருந்து வந்ததே என்று அறிஞர் சிலர் கருதுவர்.

விடை 1054-ல் கொப்பத்தில் கிடைத்தது. போர்க்களத்தில் யானை மேலிருந்தபடியே இராஜாதிராஜன் மாண்டான். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பின்வந்த கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரைத் திருப்பி வென்றான். வெற்றி சோழருடையதே. ஆயினும் பட்டத்து அரசனைப் பறிகொடுத்துப் பெற்ற வெற்றி அது. கன்னட நாட்டுக் கவர்வாட் கல்வெட்டு இதே சாவை வேறு குரலில் பேசுகிறது. சமணப் பள்ளிகளை எரித்த பாவியாகிய சோழன் சாளுக்கிய மன்னனுக்குத் தன் தலையைக் கொடுத்தான் என்பது அங்குள்ள செய்தி. ஏளனத்துக்கு ஏளனம், கல்லுக்குக் கல்!

அடுத்து வந்த வீரராஜேந்திரனும் (1063-1070) இவ்வழியே நடந்தான். ஆகவமல்லன் போருக்கு நாள் குறித்து ஓலை அனுப்பினான். சோழன் குறித்த இடத்தில் படையுடன் காத்திருந்தான். ஆகவமல்லன் வரவில்லை. அவனைப் போல ஓர் உருவம் செய்து இழிவுபடுத்தியதையும், துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டியதையும் வீரராஜேந்திரனின் கல்வெட்டுகள் விரித்துரைக்கின்றன. 1068-ல் ஆகவமல்லன் தீராத நோயினால் துங்கபத்திரையில் இறங்கி உயிர்நீத்தான். போருக்கு அவன் வராமற்போனதற்கும் அந்நோயே காரணமாகலாம் என்பது வரலாற்றாளர் கருத்து. அப்படியானால் கோழை என்று தூற்றப்பட்டவன் ஒரு நோயாளி.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சோழரும் சாளுக்கியரும் போரிட்டது வேங்கி நாட்டுக்காகவும் துங்கபத்திரைச் சமவெளிக்காகவும் அல்லவா, ஏளனத்தால் எழுந்த போரா இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போரின் வேர் நிலத்தில்தான் இருந்தது. ஆனால் போரை நிறுத்த வேண்டுமென்றால் எவரேனும் முதலில் ஒரு தூதனை அனுப்பியாக வேண்டும். சென்றவனுக்குப் புடவை கட்டி அனுப்பும் அவைக்கு அடுத்த தூதனை யார் அனுப்புவார்கள்? அரசன் ஒருநாள் சமாதானம் விரும்பினாலும், அவன் நாட்டுக் கோயில் சுவர்களெல்லாம் எதிரியைப் பழித்துக்கொண்டே நிற்கின்றனவே! தலைவனின் தொனி போரைத் தொடங்குவதைக் காட்டிலும், போரிலிருந்து திரும்பும் வழியை அடைப்பதில்தான் வல்லது. கொப்பத்துக்கும் கூடல்சங்கமத்துக்கும் சென்று மீளாத வீரர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

இறுதியில் நிகழ்ந்ததுதான் விந்தை. ஆகவமல்லன் மறைந்தபின் அவன் மகன்களுக்குள் பூசல் மூண்டது. இளைய மகன் விக்கிரமாதித்தன் வீரராஜேந்திரனோடு உறவு கொண்டான். சோழன் அவனுக்குத் தன் மகளை மணமுடித்துக் கொடுத்தான். எவன் தந்தையின் உருவத்தை இழிவுபடுத்தினானோ அவனையே மருமகனாக ஏற்க வேண்டியதாயிற்று.

1070-ல் வீரராஜேந்திரன் இறந்ததும் சோழநாட்டில் குழப்பம் சூழ்ந்தது. செய்தி கேட்ட விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்து கலகத்தை அடக்கி, பின் கங்கைகொண்ட சோழபுரத்துக்குள் நுழைந்து, மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்தி, ஒரு திங்கள் தங்கித் திரும்பினான் என்று அவன் அவைப்புலவர் பில்ஹணர் எழுதுகிறார். புலவரின் கூற்று இதுவும் ஒருவகை மெய்க்கீர்த்திதான், மிகை இருக்கக்கூடும். அதிராஜேந்திரனோ சில மாதங்களில் கொல்லப்பட, குலோத்துங்கன் அரசேறினான்.

பில்ஹணர் சொல்வதில் பாதி உண்மையாயினும் போதும். மாளிகைமேட்டு அரண்மனையில் சோழ இளவரசனுக்கு முடிசூட்ட வந்து நின்றவன் ஆகவமல்லனின் மகன். அந்த ஒரு திங்களில் அவன் அந்தப் பெரிய கோயிலுக்கும் சென்றிருப்பான். தன் நாட்டிலிருந்து கவர்ந்து வந்த பொருள்களையும், தன் தந்தையைப் பழிக்கும் சொற்களையும் சோழநாட்டில் அவன் காணாமல் இருந்திருக்க முடியாது. அப்போது அவனருகே நின்ற சோழ அதிகாரிகள் எந்தக் குரலில் பேசியிருப்பார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. தாழ்ந்த குரலாகத்தான் இருந்திருக்கும்.